பெஞ்சுக்குப் பின்னால் இருவர்: லாரி ராபின்சனும் ராண்டி கார்லைலும்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல். போட்டிகளில், ஆண்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரருக்கு நாரிஸ் கோப்பை வழங்கப்படுகிறது. அதை வென்றவர்களின் பட்டியலில் 1980க்கு நேரே லாரி ராபின்சன் பெயர் இருக்கும். அடுத்த வரியில், 1981க்கு நேரே, ராண்டி கார்லைல். இருவரும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தவர்கள். ஆடி ஓய்ந்த பிறகு இருவருமே பயிற்சியாளர்கள் ஆனார்கள். தலைமைப் பயிற்சியாளராக ஆளுக்கு ஒரு முறை, லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள். நாரிஸ் வாங்கிய தடுப்பாட்டக்காரர் பின்னாளில் தலைமைப் பயிற்சியாளராகவும் ஸ்டான்லி கோப்பையைத் தொட்டது மிக அரிது. இவர்களுக்கு முன்பு 1959இல் நாரிஸ் வாங்கி, 1972இல் பாஸ்டன் அணியைக் கோப்பைக்கு நடத்திச் சென்ற டாம் ஜான்சன் இருந்தார்.

பட்டியலோடு நின்றுவிட்டால் இருவரும் இரட்டையர்போலத் தோன்றுவார்கள். ஆண்டுவாரியாக அவர்களின் பயிற்சிக் காலத்தைப் படித்துக்கொண்டு போனால், ஒரே பதவிக்குள் இரண்டு வேறு தொழில்கள் இருப்பது தெரிய வரும். தடுப்பாட்டத்தைக் கற்றுக்கொடுப்பது ஒரு தொழில். ஓர் இரவின் ஆட்டத்தை நடத்திக் கரைசேர்ப்பது இன்னொரு தொழில். ராபின்சன் முதலாவதில் மேதை. கார்லைல் இரண்டாவதில் கைதேர்ந்தவர். புகழும் பதவியும் பெரும்பாலும் இரண்டாவதற்கே போய்ச் சேர்கின்றன. அதனால் முதலாவதை நாம் தொடர்ந்து குறைத்தே எடைபோட்டு வருகிறோம் என்பது என் கட்சி.

ஐஸ் ஹாக்கி பார்த்துப் பழகாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஒரே சமயத்தில் ஆறு பேர்: கோல்கீப்பர், மூன்று முன்கள வீரர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பயிற்சியாளர் பெஞ்சுக்குப் பின்னால் நின்றபடி, யார் இறங்குவது, எதிரணியின் யாருக்கு எதிராக இறங்குவது என்று முடிவு செய்கிறார். தடுப்பாட்டக்காரர் பெரும்பாலும் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே எதிரே வருபவர்களைக் கவனிக்கிறவர். மற்றவர்களுக்குப் பாதித் தளம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, அவருக்கு ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே நடக்கிறது. முன்னணித் தடுப்பாட்டக்காரர்கள் 60 நிமிட ஆட்டத்தில் 25 நிமிடம்வரை களத்தில் நிற்பதும் உண்டு. அந்த இடத்திலிருந்து இத்தனை பேர் பயிற்சிக்கு வருவதில் வியப்பில்லை.

ராபின்சன் 1951இல் பிறந்தார். கிழக்கு ஒன்டாரியோவின் மார்வல்வில் என்ற சிற்றூரில், பண்ணையில் வளர்ந்தவர். 1971இல் புதிய வீரர்களுக்கான தேர்வில் மாண்ட்ரியால் அணி அவரை 20ஆவது ஆளாக எடுத்தது. ஆறடி நான்கங்குல உயரம். அந்த உடம்போடு அவ்வளவு லாவகமாகச் சறுக்குகிறவர் அன்று அபூர்வம். செர்ஜ் சவார், கீ லப்வாந்த், ராபின்சன் ஆகியோரை மாண்ட்ரியாலில் 'பெரிய மூவர்' என்றே அழைத்தார்கள். பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் அந்த மூவரில் ஒருவரையாவது எப்போதும் களத்தில் வைத்திருக்கப் பார்ப்பார். 1976 இறுதித் தொடரில் பிலடெல்பியாவின் கேரி டார்ன்ஹோஃபரை ராபின்சன் மோதித் தள்ளிய வேகத்தில் பக்கவாட்டுப் பலகையே உள்வாங்கியது. அதைச் சரிசெய்த பிறகே ஆட்டம் தொடர்ந்தது. முரட்டு ஆட்டத்தால் இரண்டு ஆண்டுகள் கோப்பையைத் தக்கவைத்திருந்த பிலடெல்பியாவுக்கு அந்த மோதல் ஒரு செய்தி சொன்னது.

1976-77 பருவத்தில் மாண்ட்ரியால் 80 ஆட்டங்களில் எட்டில் மட்டுமே தோற்றது. அந்தப் பருவத்தில் ராபின்சனின் 'பிளஸ்-மைனஸ்' கணக்கு +120. இரு அணியும் சம ஆள்பலத்தோடு ஆடும்போதோ, ஆள் குறைந்த அணி கோல் போடும்போதோ, ஒரு வீரர் களத்தில் நிற்கையில் அவருடைய அணி கோல் போட்டால் ஒன்று கூட்டுவார்கள், கோல் வாங்கினால் ஒன்று கழிப்பார்கள். ஒரே பருவத்தில் இதைவிட அதிகம் எடுத்தவர் பாஸ்டன் தடுப்பாட்டக்காரர் பாபி ஓர் ஒருவர்தான், 1970-71இல் +124. வாழ்நாள் கணக்கில் 700ஐத் தாண்டி ராபின்சனே முதலிடத்தில் இருக்கிறார். 1978இல், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளின் தலைசிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதையும் பெற்றார். மாண்ட்ரியாலுக்காக ஆறு ஸ்டான்லி கோப்பைகள். மாண்ட்ரியாலில் 17 பருவம், லாஸ் ஏஞ்சலிஸில் 3 என ஆடிய 20 பருவங்களிலும் அவருடைய அணி பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. ஒரு முறைகூடத் தவறியதில்லை.

கார்லைலின் கதை வேறு. 1956இல் சட்பரி என்ற நிக்கல் சுரங்க ஊரில் பிறந்தவர். 1976இல் டொரண்டோ எடுத்து, இரண்டே ஆண்டில் பிட்ஸ்பர்க்குக்கு மாற்றிவிட்டது. அங்கே 1980-81இல், போட்ட கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து, 83 புள்ளிகள் எடுத்து நாரிஸ் வென்றார். ஆனால் அந்தப் பருவத்தில் அவருடைய பிளஸ்-மைனஸ் பூஜ்யத்துக்குக் கீழே. அவருடைய அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம். தடுப்பாட்டக்காரருக்கான விருதை மைனஸ் கணக்கில் இருக்கும் ஒருவருக்குத் தரலாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் பாதிதான் நியாயம் படுகிறது. எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் 'பவர் ப்ளே' நேரத்தில் அவர் கட்டியெழுப்பிய கோல்கள் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. பலவீனமான அணியில் அதிக நேரம் ஆடுகிறவர் அணியின் எல்லாப் பள்ளங்களையும் தன் கணக்கில் சுமக்க வேண்டியிருக்கிறது.

பிட்ஸ்பர்க்கின் கேப்டனாகவும் இருந்த அவரை 1984 மார்ச்சில் வின்னிபெக் ஜெட்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் கடைசி இடத்துக்குப் போன பிட்ஸ்பர்க், அதன் பலனாகப் புதிய வீரர்களுக்கான தேர்வின் முதல் வாய்ப்பில் மாரியோ லெமியூவைப் பெற்று, பின்னால் கோப்பைகளும் வென்றது. கார்லைல் வின்னிபெக்கில் 1993வரை ஆடினார். ஜெட்ஸ் நல்ல அணிதான். ஆனால் அதே பிரிவில் வேய்ன் கிரெட்ஸ்கியின் எட்மண்டன் இருந்தது. வசந்தம் வந்தால் பெரும்பாலும் அந்தச் சுவரில் முட்டித்தான் பருவம் முடியும். 17 பருவங்கள், 1055 ஆட்டங்கள், ஒரு முறைகூட இறுதித் தொடர் இல்லை. தலைக்கவசம் கட்டாயமான பிறகும், பழைய ஒப்பந்தக்காரர்களுக்கு இருந்த விலக்கைப் பயன்படுத்தி, கடைசிவரை வெறுந்தலையோடு ஆடிய மிகச் சிலரில் அவர் ஒருவர். பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். பின்னால் அவர் பயிற்சியாளரானபோது அதே குணம் வேறு வடிவத்தில் வெளிப்பட்டது.

ராபின்சனின் பயிற்சி வாழ்க்கை 1993இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராகத் தொடங்கியது. தலைமையில் இருந்தவர் ஜாக் லமேர், மாண்ட்ரியாலில் அவரோடு ஆடியவர். தடுப்பாட்டக்காரர்கள் ராபின்சன் பொறுப்பு. அங்கே அவர் கையில் கிடைத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஏற்கெனவே பேர் பெற்ற ஸ்காட் ஸ்டீவன்ஸ். இன்னொருவர் இருபது வயது ஸ்காட் நீடர்மேயர். ராபின்சன் வந்த முதல் பருவத்திலேயே ஸ்டீவன்ஸ் 78 புள்ளிகளும் +53உம் எடுத்தார். அவருடைய வாழ்நாளின் உச்சப் புள்ளிக்கணக்கு அதுதான். அதன் பிறகு அவர் தாக்குதலைச் சுருக்கிக்கொண்டு, எதிரணி நட்சத்திரங்களை அடக்குகிறவராக மாறினார். நீடர்மேயருக்கோ வேகம் பிறவியிலேயே வந்தது. எப்போது 'பக்' எனப்படும் ஆட்ட வட்டோடு முன்னே பாய்வது, எப்போது பொறுத்து நிற்பது என்ற கணக்கை அவர் அந்த ஆண்டுகளில் கற்றார். 1995 இறுதியில் டெவில்ஸ், டெட்ராய்ட்டை நான்குக்கு நான்கு வென்றது. டெட்ராய்ட்டின் பயிற்சியாளர் ராபின்சனின் பழைய ஆசான் போமன்.

அந்த வெற்றி அவரை லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸின் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 1995 முதல் 1999 வரை நான்கு பருவங்கள். அதற்குள் எட்மண்டனை விட்டு கிங்ஸுக்கு வந்திருந்த கிரெட்ஸ்கி, முதல் பருவத்திலேயே செயின்ட் லூயிஸுக்குப் போய்விட்டார். அணியைப் புதிதாகக் கட்ட வேண்டிய நிலை. நான்கில் ஒரு பருவம்தான் பிளேஆஃப், அதிலும் நான்கு ஆட்டங்களில் வெளியேற்றம். பதிவேட்டில் இது தோல்வி. ஆனால் அதே காலத்தில் கிங்ஸின் தடுப்பாட்டக்காரர் ராப் பிளேக் 1998இல் நாரிஸ் வென்றார். நீடர்மேயர் 2004இல் வென்றார். ராபின்சனின் கையால் செதுக்கப்பட்டவர்களின் வரிசையைப் பார்க்கும்போது கிங்ஸ் ஆண்டுகளைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1999இல் அவர் டெவில்ஸுக்கே உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2000 மார்ச்சில், பருவத்தில் எட்டே ஆட்டங்கள் மிச்சமிருக்க, நிர்வாகி லூ லாமொரெல்லோ தலைமைப் பயிற்சியாளர் ராபி ஃப்டோரெக்கை நீக்கிவிட்டு ராபின்சனை அந்த இடத்தில் நிறுத்தினார். தேடிப் போன பதவியல்ல, வந்து விழுந்தது. கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரில் பிலடெல்பியாவிடம் 1-3 என்று பின்தங்கியதும், எப்போதும் சாந்தமான அந்த மனிதர் உடைமாற்றும் அறையில் வெடித்தார். அங்கிருந்த குப்பைத்தொட்டி உதை வாங்கியது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் டெவில்ஸ் வென்றது. இறுதியில் நடப்புச் சாம்பியன் டல்லஸை ஆறாவது ஆட்டத்தில், இரண்டாம் கூடுதல் நேரத்தில், ஜேசன் ஆர்னாட்டின் கோலால் வீழ்த்தினார்கள். அந்த ஆட்டத்தில் பலமாக அடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட பெட்ர் சீகோராவின் ஜெர்சியை அணிந்துகொண்டு ராபின்சன் கோப்பைக் கொண்டாட்டத்தில் நின்றார். அங்கே இல்லாத ஆளையும் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்ட பயிற்சியாளர் அவர். கான் ஸ்மைத் விருது, தடுப்பாட்டக்காரரும் கேப்டனுமான ஸ்டீவன்ஸுக்குப் போனது.

அடுத்த ஆண்டும் இறுதிக்கு வந்தார்கள். கொலராடோவுக்கு எதிராக 3-2 என்று முன்னிலையில் இருந்து, ஏழாவது ஆட்டத்தில் இழந்தார்கள். கொலராடோவின் தடுப்பு வரிசையில், 22 பருவங்கள் காத்திருந்து முதல் கோப்பையைத் தூக்கிய ரே போர்க்கும் இருந்தார், சில மாதங்களுக்கு முன்புதான் அங்கே மாற்றப்பட்டிருந்த ராப் பிளேக்கும் இருந்தார். ராபின்சன் வளர்த்த பிள்ளை ராபின்சனைத் தோற்கடித்தார். 2002 ஜனவரியில் ராபின்சன் பதவி இழந்தார். மனக்கசப்போடு விலகிப் போகாமல் அதே நிறுவனத்தில் கீழ்ப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 2003இல் பாட் பர்ன்ஸின் தலைமையில் டெவில்ஸ் மறுபடி வென்றபோதும் அவர் அந்தக் குழுவில் இருந்தார்.

கார்லைலின் பாதையில் திடீர்ப் பதவி எதுவும் இல்லை. ஜெட்ஸ் 1996இல் வின்னிபெக்கை விட்டு அரிசோனாவுக்குப் போனது. வின்னிபெக்குக்கு வந்த இரண்டாம் நிலை அணியான மானிட்டோபா மூஸில் அவர் சேர்ந்தார். முதலில் உதவியாளர், பிறகு தலைமைப் பயிற்சியாளர். இடையில் வாஷிங்டனில் இரண்டு பருவம் உதவிப் பயிற்சியாளர், பிறகு மீண்டும் மூஸ். இரண்டாம் நிலை லீக்கில் பயிற்சியாளருக்குச் சொந்த அணி என்று ஒன்று இருப்பதே கடினம். மேலே ஒருவருக்கு அடிபட்டால் உங்கள் நல்ல ஆள் மறுநாள் விமானம் ஏறிவிடுவார். மிச்சமிருப்பவர்களை வைத்து இன்றைய ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும். கார்லைல் தொழில் கற்றது இங்கேதான். ரயன் கெஸ்லர், கெவின் பியெக்ஸா ஆகிய இளைஞர்கள் 2004-05இல் அங்கே அவரிடம் ஆடியவர்கள். பல ஆண்டுகள் கழித்து அனஹைமில் இருவரும் மறுபடி அவர் அணியில் இருந்தார்கள். மூஸ் அப்போது வான்கூவரின் துணை அணி. வான்கூவரின் நிர்வாகியாக இருந்த பிரையன் பர்க் அவரை அங்கேதான் கவனித்தார்.

இரண்டு வாழ்க்கைகளும் ஒன்றையொன்று தொட்ட இடம் 2005 கோடை. தொழில்தகராறால் ஒரு பருவம் முழுவதும் ரத்தாகி, லீக் மீண்டும் தொடங்கவிருந்தது. நோயுற்ற பர்ன்ஸுக்குப் பதிலாக நியூ ஜெர்சி மறுபடியும் ராபின்சனைத் தலைமைக்கு அழைத்தது. அனஹைமின் புதிய நிர்வாகி பர்க், கார்லைலை நியமித்தார். அதே நாட்களில் நீடர்மேயர் நியூ ஜெர்சியை விட்டு, தம்பி ராப் நீடர்மேயர் ஆடிக்கொண்டிருந்த அனஹைமுக்குப் போனார். ஸ்டீவன்ஸும் ஓய்வு பெற்றுவிட்டார். ராபின்சன் தாமே உருவாக்கிய தடுப்பரண் இல்லாமல் பெஞ்சுக்குப் பின்னால் நின்றார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் செதுக்கப்பட்ட சிலை கார்லைலின் கோயிலுக்கு வந்து சேர்ந்தது.

அந்த டிசம்பரிலேயே ராபின்சன் விலகினார். மன அழுத்தம், தலைவலி என உடல்நிலையைக் காரணம் காட்டினார். தலைமைப் பயிற்சி தம் உடலை என்ன செய்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, பருவத்தின் நடுவே அதை விட்டுக்கொடுப்பது அந்த உலகில் எளிதல்ல. வலியை மறைத்து ஆடுவதையே வீரம் என்று கொண்டாடும் விளையாட்டு இது. மனமறிந்து நாற்காலியை விட்டு இறங்கிய அந்த முடிவை, அவருடைய பயிற்சி வாழ்க்கையின் மதிப்புமிக்க செயல்களில் ஒன்றாக நான் எண்ணுகிறேன்.

கார்லைல் அந்த முதல் பருவத்திலேயே அனஹைமை மேற்குப் பிரிவின் இறுதிவரை கொண்டுபோனார். அவரை அங்கே நிறுத்தியது எட்மண்டன். அதன் தூண் கிறிஸ் ப்ராங்கர் என்ற நெடிய தடுப்பாட்டக்காரர். அந்தக் கோடையில் பர்க் ப்ராங்கரையே வாங்கிவிட்டார். கார்லைலின் மூளை பளிச்சென்று தெரிவது இதற்குப் பிறகுதான். இரண்டு மகத்தான தடுப்பாட்டக்காரர்களை ஒன்றாக இணைத்து ஆடவிட்டால் கண்ணுக்கு விருந்தாக இருந்திருக்கும். கார்லைல் பிரித்தார். நீடர்மேயரோடு ஃபிரான்ஸ்வா போஷமன், ப்ராங்கரோடு ஷான் ஓடானல். பிளேஆஃப் ஆட்டங்களில் நீடர்மேயர், ப்ராங்கர், போஷமன் மூவரும் ஏறத்தாழ ஆளுக்கு அரைமணி நேரம் ஆடினார்கள். நீடர்மேயர் வெளியே வரும்போது ப்ராங்கர் உள்ளே போவார். எதிரணிக்கு மூச்சுவிட இடமே இல்லை. போமன் முப்பது ஆண்டுகளுக்கு முன் ராபின்சனை வைத்துச் செய்த அதே வித்தையை, ராபின்சனின் மாணவரை வைத்துக் கார்லைல் செய்தார்.

2007 இறுதியில் ஒட்டாவா அணிக்கு ஒரு பயங்கரமான முன்வரிசை இருந்தது: ஹீட்லி, ஸ்பெட்ஸா, ஆல்ஃபிரட்சன். அதற்கு எதிராக சாமுவேல் போல்சன், டிராவிஸ் மோன், ராப் நீடர்மேயர் என்ற அடக்கும் வரிசையைக் கார்லைல் ஆட்டத்துக்கு ஆட்டம் இறக்கினார். கோல் போடுவது அவர்களுக்கு இரண்டாம் வேலை. ஐந்தே ஆட்டங்களில் தொடர் முடிந்தது. கலிஃபோர்னியாவுக்கு முதல் ஸ்டான்லி கோப்பை. கான் ஸ்மைத் விருது நீடர்மேயருக்கு, இம்முறையும் தடுப்பாட்டக்காரரும் கேப்டனுமான ஒருவருக்கு. ஆடிய காலத்தில் இறுதித் தொடரையே பார்க்காத கார்லைல், என்.எச்.எல். தலைமைப் பயிற்சியாளராக இரண்டாவது பருவத்தில் கோப்பையைத் தூக்கினார்.

அவர் கறாரானவர். தவறுக்கு உடனே பெஞ்ச், விளக்கம் குறைவு என்ற பெயர் உண்டு. ஆண்டு ஏறஏற அத்தகைய பயிற்சியாளரின் குரல் உடைமாற்றும் அறையில் தேய்ந்துபோகும். 2011 நவம்பர் இறுதியில், மாண்ட்ரியாலை 4-1 என்று வென்ற அதே இரவில் அனஹைம் அவரை நீக்கியது. சில மாதங்களில் பர்க் அவரை டொரண்டோவுக்கு அழைத்துக்கொண்டார். 2013இல் டொரண்டோ ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃப் சுற்றைக் கண்டது. பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னிலை. அங்கிருந்து சரிந்தார்கள். கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் மட்டும் இரண்டு கோல்கள் வாங்கி, கூடுதல் நேரத்தில் 5-4 என்று தோற்றார்கள். டொரண்டோவில் ஹாக்கிப் பேச்சு எழுந்தால் இன்றும் அந்த இரவு வந்து குறுக்கிடும்.

ராபின்சனுக்கும் அப்படி ஓர் இரவு உண்டு. 1998இல் கிங்ஸ், செயின்ட் லூயிஸுக்கு எதிராக 3-0 என்று முன்னிலையில் இருந்தபோது, தன் கோல்கீப்பரை இடித்தவரைத் தாக்கியதற்காக ஒரு கிங்ஸ் வீரர் ஐந்து நிமிடத் தண்டனை பெற்றார். அந்த ஒரே தண்டனைக் காலத்தில் நான்கு கோல்கள் விழுந்து, 4-3 என்று ஆட்டம் போயிற்று. அந்த வீரர் ஷான் ஓடானல். ஒன்பது ஆண்டுகள் கழித்து ப்ராங்கரின் இணையாகக் கார்லைலிடம் கோப்பை வென்றவரும் அதே ஓடானல்தான்.

இவ்விரு சரிவுகளையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ராபின்சனுடையது ஒரு வீரரின் ஒரு நொடிக் கோபத்திலிருந்து வந்தது. கார்லைலின் டொரண்டோவோ பின்வாங்கி நின்று அடியை வாங்கிக்கொள்ளும் அணி. அடுத்த பருவத்தில் லீக்கிலேயே மிக அதிக ஷாட்டுகளை எதிர்கொண்ட அணியாக அது இருந்தது. பக்கைத் தம் வசமே வைத்திருப்பதுதான் நல்ல தற்காப்பு என்று ஆட்டம் மாறிக்கொண்டிருந்த காலம். நீடர்மேயரும் ப்ராங்கரும் இருந்தபோது கார்லைலின் முறையில் அந்த ஓட்டை தெரியவில்லை, ஏனென்றால் பக் தானாகவே அவர்கள் மட்டைக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் இல்லாத அணியில், அவர்களைப்போல ஆடக் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் ராபின்சனைப் போன்றவர். 2015 ஜனவரியில் டொரண்டோவும் கார்லைலை விடுவித்தது.

நியாயமாகப் பேசினால், கார்லைல் மீண்டும் எழுந்தார். 2016இல் அனஹைமே அவரைத் திரும்ப அழைத்தது. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சொந்தத் தளத்தில் ஏழாவது ஆட்டத்தை இழந்துவந்த அணி அது. 2017இல் எட்மண்டனுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் 0-3 என்று பின்தங்கி, கடைசி மூன்றேகால் நிமிடத்தில் மூன்று கோல் போட்டு, இரண்டாம் கூடுதல் நேரத்தில் வென்றார்கள். ஏழாவது ஆட்டத்தையும் 2-1 என்று வென்றார்கள். ஒரு கோல் முன்னிலையோடு கடைசிப் பத்து நிமிடத்தைக் கடக்க எனக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும் என்றால், பாஸ்டன் இரவை அறிந்தும் நான் கார்லைலைத்தான் கேட்பேன். இருபது வயதுத் தடுப்பாட்டக்காரர் ஒருவரை மூன்று ஆண்டுக்கு ஒப்படைக்க வேண்டுமென்றால், யோசிக்காமல் ராபின்சன்.

2019 பிப்ரவரியில், தொடர் தோல்விகளுக்குப் பிறகு, அனஹைம் கார்லைலை இரண்டாவது முறையாக நீக்கியது. அதே பருவத்தில் ராபின்சன் செயின்ட் லூயிஸ் அணியின் மூத்த ஆலோசகர். தலைமைப் பயிற்சியை விட்ட பிறகு சான் ஹோசேயில் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு அங்கே வந்தவர். ஜனவரித் தொடக்கத்தில் புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்த செயின்ட் லூயிஸ், ஜூனில் பாஸ்டனை அதன் தளத்திலேயே ஏழாவது ஆட்டத்தில் 4-1 என்று வீழ்த்தித் தன் முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. வெற்றியை உறுதிசெய்த இரண்டாவது கோலைப் போட்டவர் கேப்டன் அலெக்ஸ் பியட்ராஞ்சலோ, ஒரு தடுப்பாட்டக்காரர். வீரராக ஆறு, பயிற்சிக் குழுக்களிலும் அலுவலகத்திலுமாக நான்கு என ராபின்சனுக்கு அது பத்தாவது கோப்பை. அந்தப் பத்தில் தலைமைப் பயிற்சியாளராக அவர் வென்றது ஒன்றே ஒன்று.